ஜலதோஷ மருந்தும் குடும்ப நலமும்

(விருத்தாசலம் வட்டாரத்தில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயிகளும் பீங்கான் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் பேச வந்தால் சாலை, குடிநீர், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றியே பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சட்டைப் பையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறு பொருள். ஜலதோஷத்திற்கும் ஒவ்வாமைக்கும் நாம் விழுங்கும் கூட்டு மாத்திரையும், குழந்தைகளுக்கு ஊற்றிக் கொடுக்கும் இனிப்பு மருந்துமே அது. பொருள் சிறிதாயினும் அதனால் விளையக்கூடிய நன்மையும் தீமையும் சிறியன அல்ல.

நம் விருத்தாசலம் பகுதியில் மூக்கொழுகலுக்குக் குறைவில்லை. மார்கழிப் பனி ஒரு புறம். முந்திரி பூக்கும் காலமும் நிலக்கடலைச் செடியை அலசிக் காய் பறிக்கும் காலமும் ஒரு புறம். பீங்கான் பட்டறைகளில் பறக்கும் வெண்தூள் மற்றொரு புறம். தும்மலும் மூக்கடைப்பும் கண்டவுடன் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வது நம் மக்களிடையே வழக்கமாகிவிட்டது. கூலி இழக்க முடியாத ஏழைத் தொழிலாளி அவ்வாறு செய்வதைக் குறை கூற நாம் வரவில்லை. அதைப் பத்திரமாகச் செய்யும் வழியைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

நாம் கண்ட இரு நிகழ்ச்சிகளை முதலில் கூறுவோம். பொம்மை செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, அரைவை இயந்திரத்தின் அருகே நின்ற இளைஞர் ஒருவர் கண் சொருகித் தள்ளாடினார். இயந்திரத்தின் பட்டையில் கை சிக்குவதற்குள் பக்கத்தில் இருந்தவர் அவரைப் பற்றி இழுத்துவிட்டார். விசாரித்தபோது, காலையில் மளிகைக் கடையில் வாங்கிய சளி மாத்திரை இரண்டை ஒரே வேளையில் விழுங்கியதாகத் தெரிந்தது. இரண்டாவது நிகழ்ச்சி, மணிமுத்தாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நடந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்த விவசாயி ஒருவர் மூன்று நாட்கள் சளி மாத்திரை உட்கொண்டார். மூன்றாம் நாள் இரவு சிறுநீர் அறவே வெளியேறாமல் அடிவயிறு வீங்கித் துடித்தார். மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று குழாய் செலுத்தி நீரை வெளியேற்றிய பின்னரே அவருக்கு உயிர் வந்தது. இருவரும் கெட்டுப்போன மருந்தையோ போலி மருந்தையோ உட்கொண்டவர்கள் அல்லர். சாதாரணச் சளி மாத்திரையே இவ்விரண்டையும் செய்தது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அம்மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பீங்கான் தொழிலாளருக்குக் கலவை என்பதைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. களிமண், வெண்கல், மெருகு ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் ஒரு வேலையும் உண்டு. சளி மாத்திரையும் ஒரு கலவையே. பெரும்பாலும் அதில் மூன்று சரக்குகள் இருக்கும்.

முதலாவது, ஒவ்வாமையை அடக்கும் மருந்து. குளோர்பெனிரமின் என்பது இவ்வகையில் மிகப் பழக்கமானது. தூசியோ மகரந்தமோ மூக்கினுள் புகும்போது ஒவ்வாமையுள்ளவர் உடல் ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சுரக்கிறது. தும்மல், அரிப்பு, கண்ணீர், மூக்கொழுகல் ஆகியவை அதனால் எழுகின்றன. இம்மருந்து ஹிஸ்டமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஆனால் அது மூளையிலும் புகுந்து உறக்கத்தை உண்டாக்குகிறது, வாயை உலர்த்துகிறது, மலச்சிக்கலை உண்டாக்குகிறது, முதியவருக்குச் சிறுநீரைத் தடுத்து மனக்குழப்பத்தையும் தருகிறது. செட்டிரிசின் போன்ற பிற்கால மருந்துகளில் உறக்கம் குறைவு. ஆயினும் சிலருக்கு அவற்றாலும் உறக்கம் வருவதுண்டு.

இரண்டாவது, மூக்கடைப்பை நீக்குவதற்காகச் சேர்க்கப்படும் மருந்து. பினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்பவை இவ்வகையின. மூக்கின் உட்சவ்விலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வீங்குவதாலேயே அடைப்பு உண்டாகிறது. அக்குழாய்களைச் சுருங்கச் செய்வது இம்மருந்தின் நோக்கம். வயிற்றுக்குள் சென்ற மருந்து மூக்கை மட்டும் தேடிச் செல்லுமா? உடலின் பிற குழாய்களையும் அது சுருக்கக்கூடும். ஆகவே இரத்த அழுத்தம் ஏறலாம், நெஞ்சு படபடக்கலாம், இரவில் உறக்கம் கெடலாம். விரிந்த புராஸ்டேட் சுரப்பியுடைய முதியவருக்குச் சிறுநீர்ப் பாதை இறுகலாம். நாம் கூறிய விவசாயிக்கு நேர்ந்தது இதுவே. முதல் மருந்து ஒரு பக்கம் தடுக்க, இரண்டாம் மருந்து மறுபக்கம் இறுக்கிவிட்டது.

மூன்றாவது, காய்ச்சலையும் உடல் வலியையும் தணிக்கும் பாரசிட்டமால். நல்ல மருந்துதான், ஆனால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், உட்கொள்ளலாகாது. மெலிந்தவர்களுக்கும் மது அருந்துவோருக்கும் இந்த அளவும் மிகுதியே. சளி மாத்திரையில் பாரசிட்டமால் இருப்பதை அறியாமல், காய்ச்சலுக்கென்று தனியே பாரசிட்டமாலும், தலைவலிக்கென்று வேறு பெயரில் மீண்டும் பாரசிட்டமாலும் உட்கொள்வோர் பலர். பெயர் மூன்று, சரக்கு ஒன்று. ஈரல் பெயரைப் பார்ப்பதில்லை. மொத்த அளவையே பார்க்கிறது.

இவ்வளவும் உட்கொண்டால் ஜலதோஷம் தீர்ந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். தீராது என்பதே உண்மை. ஜலதோஷம் வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. இம்மாத்திரை அதைக் கொல்வதில்லை. தொல்லையைச் சிறிது தணிப்பதோடு அதன் பணி முடிகிறது. ஏழு முதல் பத்து நாட்களில் உடல் தானே அந்நோயை வென்றுவிடும். ஆன்டிபயாட்டிக் மருந்தும் வைரஸ் ஜலதோஷத்திற்குப் பயன்படாது. வாயால் உட்கொள்ளும் பினைலெஃப்ரினைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஆராய்ந்து, வழக்கமான அளவில் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று ஒருமனதாக முடிவு கூறியது. 2024 நவம்பரில் அந்நாட்டு நிர்வாகமே அதை அத்தகைய மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்க முன்மொழிந்தது. இதே நோக்கத்திற்காக முன்னர் வழங்கிய பினைல்புரோபனோலமின் என்னும் மருந்து மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்று தெரிந்ததால் 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டில் கைவிடப்பட்டது. நெடுங்காலமாக வழங்கி வருகிறது என்பதனால் மட்டும் ஒரு மருந்து பயனுடையதோ தீங்கற்றதோ ஆகிவிடாது என்பதற்கு இவை சான்று.

இப்பொழுது நெஞ்சு கனக்கும் ஒரு விஷயத்திற்கு வருகிறோம். 2025 ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். அவர்களுக்கு வந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலுமே. கொடுக்கப்பட்டது கோல்ட்ரிஃப் என்னும் இனிப்பு மருந்து. பாரசிட்டமால், பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின் என்று நாம் மேலே விவரித்த அதே மூன்று சரக்கின் கூட்டு அது. நமது காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்சாலை ஒன்றில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்ததில், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடே. 2025 அக்டோபர் முதல் தேதியன்று நம் மாநிலத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அம்மாதத்திலேயே தொழிற்சாலையின் உரிமமும் இரத்து செய்யப்பட்டது. ஆனால் மாண்ட குழந்தைகள் மீளவில்லை.

இந்நச்சு இனிப்பானது, நிறமற்றது, மருந்தைக் கரைக்கும் தூய திரவத்தைப் போன்றே தோன்றுவது. 1937 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் மாண்டனர். 1986 இல் பம்பாயிலும், 2022 இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் உயிர்கள் பலியாயின. பச்சைப் பாண்டத்தில் உள்ள குற்றம் கண்ணுக்குத் தெரியாது, சூளையில் வெந்த பின்னரே வெடிப்பு வெளிப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதுபோல இக்குற்றமும் குப்பியைப் பார்த்தால் தெரியாது. அட்டையைப் படித்தாலும் தெரியாது. எவ்வளவு அக்கறையுள்ள தாயாலும் கண்டுபிடிக்க இயலாது. மருந்தைச் செய்வோரும் சோதிப்போரும் செய்ய வேண்டிய காவல் அது.

அவ்வாறாயின் நம் கையில் உள்ள காவல் என்ன? தேவையில்லாத மருந்தைக் குழந்தைக்குக் கொடாதிருத்தலே அது. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று அட்டையில் அச்சிட வேண்டுமென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே பணித்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கன அல்ல என்றும் அறிவுறுத்தியது. ஆகவே, பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதும், அண்டை வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய குப்பியில் மீந்ததை நம் குழந்தைக்கு ஊற்றுவதும் இன்றோடு ஒழிய வேண்டும்.

குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்யலாம்? தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். மூக்கடைப்பு மிகுந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு மென்மையாகத் துடைத்து எடுங்கள். வளர்ந்த குழந்தைக்கு வெந்நீர், கஞ்சி, ரசம் கொடுத்து ஓய்வு தாருங்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு இருமல் தணியச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் குனிய வைத்து ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்து போகும்.

குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலும், மூச்சிழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், வலிப்பு வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 முறையும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை உள்ளது 50 முறையும், ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ளது 40 முறையும் அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சாகும். மருந்து கொடுத்த பின் வாந்தி எடுத்துச் சிறுநீர் குறைந்தாலும் தாமதியாதீர்கள். குப்பியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். 108 ஆம் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

இனிப் பெரியவர்களுக்கு வருவோம். இரத்த அழுத்தம், இருதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கூட்டுச் சளி மாத்திரையைத் தொடலாகாது. நீரிழிவு நோயாளிகளும், கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மார்களும் அவ்வாறே. மனநோய், வலிப்பு ஆகியவற்றிற்கு மருந்து உட்கொள்வோர் அம்மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிய பின்னரே வேறு மருந்து வாங்க வேண்டும். தமக்கு இரத்த அழுத்தம் உண்டா என்பதையே அறியாதவர் நம் கிராமங்களில் பலர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்வது நலம்.

மாத்திரை உட்கொண்ட அன்று மது அருந்தலாகாது. இரண்டும் சேர்ந்தால் உறக்கம் பன்மடங்காகும். டிராக்டர் ஓட்டுவதும், இரு சக்கர வாகனம் ஓட்டுவதும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிரைத் தள்ளுவதும், கிணற்றில் இறங்குவதும், சூளையில் சரக்கு அடுக்குவதும் அன்று வேண்டாம். தவிர்க்க முடியாதெனில், பகலில் அம்மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள். மூக்கில் விடும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தையும் சில நாட்களுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் மருந்து விட்டவுடன் திறக்கும் மூக்கு, மருந்து தீர்ந்தவுடன் முன்னிலும் அதிகமாக அடைத்துக்கொள்ளும். உப்புநீர்ச் சொட்டுக்கு இக்குறை இல்லை.

மருந்து வாங்கும்போது பெயர் தெரியாத பொட்டல மாத்திரையை ஏற்காதீர்கள். உரிமம் பெற்ற மருந்துக்கடையில், சரக்கின் பெயரும் அளவும் காலாவதித் தேதியும் தெரியும் அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் பள்ளியில் படிக்கும் தம் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்யலாம். "இதில் பாரசிட்டமால் உண்டா? உறக்கம் வருமா? எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, சாப்பிடலாமா?" என்ற மூன்று கேள்விகளையும் கடையிலுள்ள மருந்தாளுநரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பீங்கான் தொழிலாளருக்குச் சிறப்பாக ஒரு வார்த்தை. பட்டறையில் நுழைந்தவுடன் தும்மலும் இருமலும் வருகின்றன, மாத்திரை போட்டால் அடங்குகின்றன என்று நாள்தோறும் மாத்திரை விழுங்குவோர் உண்டு. தும்மலை மாத்திரை அடக்கும். ஆனால் தூளை நுரையீரலுக்குள் போகாமல் அது தடுக்குமா? வெண்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அது உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றும். அறிகுறியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு தூளில் உழைப்பது, எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிட்டு வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆகவே தூளைத் துடைப்பத்தால் உலரப் பெருக்காதீர்கள். நீர் தெளித்து ஈரமாக வழித்தெடுங்கள். இயன்றவரை ஈரக் கலவையாகவே அரையுங்கள். காற்று ஒரு புறம் புகுந்து மறு புறம் வெளியேறும்படி பட்டறையை அமையுங்கள். கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. அதற்குரிய முகக்கவசத்தை முதலாளிமார் வாங்கித் தர வேண்டும், தொழிலாளர் அணிய வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் அதைச் சளி என்று எண்ணாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. நிலக்கடலைச் சருகைக் கையாளும் விவசாயிகளுக்கும் முகத்தை மூடிக்கொள்வதும், வேலை முடிந்தவுடன் குளித்து உடை மாற்றுவதும் மாத்திரையைக் காட்டிலும் பயன் தரும்.

ஊராட்சிப் பணியில் உள்ளோரிடம் நாம் வேண்டுவன நான்கு. கிராம சபை கூடும்போது இப்பொருளைப் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரைப் பத்து நிமிடம் பேசச் செய்யுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூட்டுச் சளி மருந்து கூடாது என்பதை அங்கன்வாடியின் சுவரிலும் நியாயவிலைக் கடையின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மளிகைக் கடைக்காரரை அழைத்து, சளி மாத்திரையைத் தனித்தனியாக உதிர்த்து விற்பதனால் வரும் கேட்டை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அவரும் நம் ஊராரே, அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. பட்டறைகள் உள்ள ஊர்களில் தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறையேனும் நெஞ்சுப் பரிசோதனை நடைபெற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. முனைப்பு ஒன்றே போதும்.

மருந்து நமக்குப் பகையன்று. ஒவ்வாமையால் இரவெல்லாம் உறங்காது தவிப்பவருக்கு, மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்ளும் ஒரு மாத்திரை பெரிய ஆறுதலைத் தரும். அளவறிந்து, ஆளறிந்து, தேவையறிந்து உட்கொண்டால் அது மருந்து. அறியாது உட்கொண்டால் அதுவே நோய். சிந்த்வாராவின் தாய்மார்கள் அழுத அழுகை நம் மணிமுத்தாற்றங்கரையில் ஒருபோதும் கேட்கலாகாது. இன்று வீடு திரும்பியவுடன் உங்கள் மாடக்குழியையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். பெயர் அழிந்த குப்பியும், காலம் கடந்த மாத்திரையும், யாருக்கென்று தெரியாத பொட்டலமும் அங்கிருந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாதவாறு உடனே அப்புறப்படுத்துங்கள். இந்த ஒரு காரியத்தை இன்றே நீங்கள் செய்வீர்களாயின், நாம் இங்கு பேசியது வீண்போகாது.